அரை வரி வீடுகள்

அபிநயாவை நான் ஒருமுறை பொய்க்காரி என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அதைவிட நாகரிகமாக, அதைவிட வலிக்கும்படி சொன்னேன். சேலத்தில் ஒரு சின்ன ஆய்வு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு வரும் மாணவர்களை மேய்ப்பது என் வேலை. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். அலுவலகத்தில் எல்லாருக்கும் அது தெரியும், அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எடப்பாடிப் பெண். நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. பொருளாதாரம், கடைசி வருடம். அவளுடைய அப்பா மயில்சாமி ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர். அவள் எட்டாவது படிக்கும்போது வடக்கே எங்கோ லாரி கவிழ்ந்து இறந்துபோனார். அம்மா விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றி அவளைப் படிக்க வைத்தார். இதையெல்லாம் விண்ணப்பத்தில் இரண்டே வரியில் எழுதியிருந்தாள். நான் மதிப்பெண்ணைப் பார்த்தேன், இந்த இரண்டு வரியைப் பார்க்கவில்லை.

எது சொன்னாலும் ‘சேரிங்க மேடம்’ என்பாள். கணினியில் கணக்குப் போடத் தெரியாது என்று வந்த அன்றே ஒப்புக்கொண்டாள். பத்தாம் நாள் நான் போட்ட கணக்கிலேயே ஒரு பிழையைக் காட்டினாள். அதுவும் என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பிடித்த பிள்ளைகளிடம்தான் நான் அதிகம் கத்துவேன்.

எங்கள் வேலை என்னவென்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். கடையில் விற்காத பொருளுக்கு விலை கண்டுபிடிப்பது. காற்று, நிழல், ஓடுகிற தண்ணீர் எல்லாம் மக்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று கேட்டு எழுதிக் கொடுத்தால், அதை நம்பிப் பணம் போடும் நிதி நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தக் கோடையில் வந்தது ஒரு வாய்க்கால். ஜேடர்பாளையம் அணையிலிருந்து காவிரித் தண்ணீர் பிரிந்து, வெற்றிலைக் கொடிக்காலுக்கும் வாழைக்கும் பாய்கிற பக்கம். ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்தது. அதைச் சுத்தமாக வைத்திருக்க உங்கள் வீட்டிலிருந்து வருடத்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்று அங்குள்ள ஓர் ஊரில் கேட்டு வர வேண்டும். ஊர்ப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் புரியும்.

அபிநயா பன்னிரண்டு நாள் பரமத்தி வேலூர் பஸ்ஸில் போய் வந்தாள். அறுபத்து நான்கு வீடு. படிவங்களை என் மேஜையில் அடுக்கி வைத்தாள். நான் புரட்டினேன். இருநூறு. இருநூறு. இருநூறு. தோட்டங்காட்டுக்காரர் இருநூறு, அவரிடம் கூலிக்குப் போகிறவரும் இருநூறு. அறுபத்தொரு வீட்டில் இருநூறு, மீதி மூன்று வீட்டில் நூறு.

இப்படி ஒரு பதில் உலகத்தில் எந்த ஊரிலும் வராது. பணம் இருக்கிறவன் கூடச் சொல்வான், இல்லாதவன் குறைத்துச் சொல்வான்; நாங்கள் படித்தது அதுதான். எந்த மரத்தடியில் உட்கார்ந்து எழுதினாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

ஒவ்வொரு வீட்டுக்கும் போனதாகவும், ஊரில் அப்படித்தான் சொல்வார்கள் என்றும் அவள் சொல்ல ஆரம்பித்தாள். நான் விடவில்லை. அந்த மூன்று நூறு எதற்கு, நிஜம் மாதிரித் தெரியட்டும் என்று போட்டதா என்றேன்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அத நான் சொல்லக் கூடாதுங்க மேடம்,” என்றாள்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. நானே ஊருக்குப் போய் விசாரிக்கப் போகிறேன், பொய் என்று தெரிந்தால் சான்றிதழ் கிடையாது, கல்லூரிக்கும் எழுதுவேன் என்றேன். அந்தச் சான்றிதழ் இல்லாமல் அவளால் அந்த வருடம் எம்.ஏ. முடிக்க முடியாது. அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன். “சேரிங்க மேடம்,” என்று போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை போனேன். முதல் வீடு தனபால் என்பவருடையது. ஐந்து ஏக்கர், டிராக்டர், மாடி வீடு. அந்தப் பெண் வந்தாளா என்றேன். வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டாள் என்றார். அப்படியானால் ஏன் வெறும் இருநூறு என்றேன். அவர் என்னை விவரம் புரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“மாரியம்மன் நோம்பிக்கு இந்த வருசம் ஊட்டுக்கு எரநூறு வரிங்க. வாய்க்காலும் ஊர்க் காரியந்தானுங்களே. நான் மட்டும் ஐந்நூறுன்னு சொன்னா, அப்புறம் பக்கத்தூட்டுக்காரங்க மூஞ்சில எப்படிங்க முழிக்கறது?”

எனக்குக் காது சுட்டது. நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான். திருவிழா வரியை அப்பா என் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார். இருப்பவர், இல்லாதவர் எல்லாருக்கும் ஒரே வரி. கூடக் கொடுத்தால் பவிசு, குறைத்தால் அவமானம். ஊர்க் காரியத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் இந்தச் சனத்துக்கு வேறு எந்தப் பதில் வரும்? இத்தனை படித்த எனக்கு அது மறந்துபோயிருந்தது. அதைச் சொல்ல வந்த பெண்ணின் வாயையும் நான்தான் அடைத்தேன்.

ஆனாலும் மூன்று நூறு பாக்கி இருந்தது. அதில் ஒரு வீட்டைத் தேடிப் போனேன். அங்கே இருந்தவரை மஞ்சுளா என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதிருக்கும். வாசலில் வெற்றிலையை நூறு நூறாகக் கவுளி கட்டிக்கொண்டிருந்தார். கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

“அந்தப் புள்ள சொல்லிப்போட்டுதுங்களா? யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னுச்சே.”

எதை என்றேன். ஒன்றுமில்லை என்று கொஞ்ச நேரம் மழுப்பினார். அந்தப் பெண் எதையும் சொல்லவில்லை, சொல்லாததால்தான் அவளுக்குக் கஷ்டம் வந்திருக்கிறது என்று நான் உள்ளதைச் சொன்னேன். வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டார். கணவர் இறந்துபோன வீட்டுக்கு அந்த ஊரில் அரை வரி. இரக்கப்பட்டு வைத்த வழக்கம்தான். அதனால் எழுதும்போது நூறு என்று சொல்லியிருக்கிறார். அபிநயா எழுதிக்கொண்டு, பேனாவை மூடிவிட்டு, ஊருக்குத் தெரியாதென்றால் எவ்வளவு சொல்வீர்கள் அக்கா என்று கேட்டிருக்கிறாள்.

“முழு வரின்னு சொன்னேனுங்க. வாய்க்காத் தண்ணி எனக்கு மட்டும் பாதியாவா வருது? ஆனா அத எழுதிப்போடாத சாமி, ஊர மிஞ்சறான்னு பேசுவாங்கன்னேன். எழுத மாட்டேன், இந்த அரை வரிப் பேச்சையே யாருகிட்டயும் எடுக்க மாட்டேன்னு என் கையப் புடிச்சுச் சொல்லுச்சுங்க.”

மற்ற இரண்டு வீட்டுக்கு நான் போகவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. சொல்ல வெட்கமில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். படிப்பே போனாலும் போகட்டும் என்று, ஒருமுறை பார்த்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மகளாக இருந்தால் அப்படிச் செய்திருப்பாளா என்று யோசித்தேன்.

அபிநயா இப்போது கோவையில் ஒரு கூட்டுறவு நிதி நிறுவனத்தில் நல்ல வேலையில் இருக்கிறாள். ‘ஊருக்குத் தெரியாதென்றால் எவ்வளவு?’ என்ற கேள்வி எங்கள் எல்லாப் படிவத்திலும் ஏறிவிட்டது. அதற்கு வரும் பதில்களை உறையில் போட்டு ஒட்டி, பெயரில்லாமல் வாங்குகிறோம்.

ஊருக்குப் போன அன்று சாயங்காலம் நான் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தபோது எல்லாரும் கிளம்பத் தயாராக இருந்தார்கள். அவளைப் பேசியது அவர்கள் முன்னால்தான் என்பதால் நிற்கச் சொன்னேன். மன்னிப்புக் கேட்பது எனக்கு வராத வேலை; தட்டுத் தடுமாறிக் கேட்டேன். அவள் எழுந்து நின்று, பரவாலீங்க மேடம் என்றாள். முகம் முந்தின நாளிலிருந்து வாடியே இருந்தது.

மற்றவர்கள் போனபிறகு, படிவத்தில் இல்லாத கேள்வியை ஏன் கேட்டாய் என்றேன்.

டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

“எங்க ஊட்டுக்கும் அரை வரிதானுங்க மேடம். எங்கம்மாகிட்ட யாருமே அதைக் கேட்டதில்லீங்க.”