உள்ளங்கைக்குள் அடங்கும் முக்கோணம்

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மைதானத்தில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்திருந்தாள். முதலுதவிப் பெட்டியைத் திறந்து, பஞ்சில் அந்தப் பழுப்பு மருந்தை நனைத்தேன். வாசனை ஏறியது. துருவும் உப்பும் சுட்ட மண்ணும் கலந்தாற்போல ஒன்று. அவளுக்கு மருந்து வைத்து அனுப்பிவிட்டு, புட்டியின் மூடியைத் திருகாமல் நின்றேன். 

கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரின் மேசையில், இதே வாசனைக்கு நடுவில் நான் படுத்திருந்த காலையைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. அந்த மாதிரி ஒரு மேசைக்குப் போகப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு முன்கூட்டிச் சொன்னவர்கள் இரண்டே வகை. ஒண்ணுமே இருக்காது என்றார்கள் சிலர். உயிரே போய்விடும் என்றார்கள் மற்றவர்கள். நான் பார்த்தது இரண்டிலும் சேராது.

கல்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை நான். மாற்றலில் மேலே வந்தவள், மேலேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டேன். கணவர் ஏழுமலை மலைக்காரர்; சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். கல்யாணத்தின்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. ஏன் அவ்வளவு தாமதம் என்பது வேறு கதை, இங்கே வேண்டாம்.

மூன்று வருடம் காத்திருந்தோம். காத்திருந்தோம் என்று எழுதுவதே தப்பு. எனக்குக் காத்திருக்கத் தெரியாது. உலை கொதிக்கும் முன்பே மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறவள். ஒவ்வொரு மாதமும் நாள் நெருங்க நெருங்க உடம்பை வேவு பார்த்தேன். மார்பு கனத்தால் ஒரு அர்த்தம், வாய் கசந்தால் ஒரு அர்த்தம். பிறகு வழக்கம்போல ரத்தம். அன்று குளியலறையில் நின்று என் வயிற்றை வாய்விட்டே திட்டுவேன். எந்த மனிதரிடமும் பேசாத வார்த்தைகளால். வெளியே நின்றபடி அவர், "எனக்கும் சேத்துத் திட்டு டீச்சர்" என்பார்.

கள்ளக்குறிச்சி மகப்பேறு மருத்துவர் முதலில் அவரைத்தான் அனுப்பினார், விந்துப் பரிசோதனைக்கு (விந்தணுக்கள் எத்தனை, எப்படி நீந்துகின்றன என்று பார்ப்பது). ஆணுக்குப் பார்க்காமல் பெண்ணை மேசையில் ஏற்ற மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். இதைப் படிக்கும் தம்பதியரும் அந்த வரிசையைக் கேட்டு வாங்குங்கள். அவருக்குக் குறை இல்லை என்று வந்தது. பேருந்து நிலையம் வரை நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் தோளைத் தளர்த்திக்கொண்டார்.

அடுத்து எனக்கு. இரத்தப் பரிசோதனைகள், வயிற்று ஸ்கேன், பிறகு ஹெச்.எஸ்.ஜி. (கருப்பைக்குள் சாயம் செலுத்தி, அது கருக்குழாய்கள் வழியே போகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கும் சோதனை). மாதவிலக்கு முடிந்த சில நாட்களுக்குள் எடுக்க வேண்டியது. இரண்டு குழாயும் அடைபட்டிருந்தால் சோதனைக்குழாய் முறை ஒன்றுதான் வழி என்றார் மருத்துவர். அதற்கு வெளியூர் போய்த் தங்க வேண்டும், ஊசி, விடுப்பு, மறுபடி ஊசி.

சோதனைக்காக மலை இறங்கிய பேருந்தில் நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம். அடைப்பு என்றால் இதோடு நிறுத்திவிடுவோம். மருந்து வேண்டாம், வேண்டுதல் வேண்டாம், மாதாமாதம் இந்த வேவு வேண்டாம். இருக்கிற இரண்டு பேராகவே இருந்துவிடலாம். சொன்னது நான். சரி என்றார் அவர். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வளைவுக்கு வளைவு மரங்கள்தான் போய்க்கொண்டிருந்தன. அவற்றை அன்றுதான் முதல் தடவை பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தியாகதுருகத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நாத்தனார் பொன்னி துணைக்கு வந்திருந்தாள். மூன்று பிள்ளை பெற்றவள். மருத்துவமனை விஷயத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்று நம்புகிறவள். கையில் பெரிய தண்ணீர் பாட்டில்.

"ஸ்கேன்னா யூரின் முட்டிக்கினு இருக்கணும் அண்ணி. எனக்கு மூணு வாட்டியும் அப்டித்தான் சொன்னாங்க. குடிங்க."

குடித்தேன். பாட்டிலில் மிச்சம் இருந்ததைப் பார்த்து, "இன்னா, கோழி குடிக்கிற மாரி" என்று மறுபடி நீட்டினாள். நடைக்கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவளை நர்ஸ் என்றே நினைத்திருப்பார்கள். ஒருத்தி அவளைப் பார்த்து எழுந்துபோய்த் தானும் தண்ணீர் பிடித்து வந்தாள்.

உள்ளிருந்து உண்மையான நர்ஸ் வந்து, சிறுநீர் கழித்துவிட்டீர்களா என்று கேட்டார். "ஒரு சொட்டு வுடல மேடம், அடக்கிக்கினு இருக்காங்க" என்றாள் பொன்னி பெருமையாக. நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். இந்தச் சோதனைக்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டுமாம். போனேன். வந்தேன். மறுபடி போனேன். மேசையில் ஏறிப் படுத்த பிறகு மன்னிப்புக் கேட்டு இறங்கி, மூன்றாம் தடவையும் போனேன். நடைக்கூடம் முழுக்கச் சிரிப்பு. தண்ணீர் பிடித்து வந்தவள் பாட்டிலைப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள். நீங்கள் போகும்போது, எது நிறைந்திருக்க வேண்டும், எது காலியாக இருக்க வேண்டும் என்று அந்த இடத்தில் கேட்டுக்கொண்டு குடியுங்கள்.

மேசை சில்லென்றிருந்தது. எக்ஸ்ரே மருத்துவர் ஒரு பெண். ஈய உடுப்பு (கதிரைத் தடுக்கும் கனத்த மேலங்கி) போட்டிருந்தார். அயோடின் ஒவ்வாமை உண்டா, வலி மாத்திரை போட்டீர்களா என்று விசாரித்தார். செய்யப்போகும் ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்பே சொன்னார். யோனியை விரித்துப் பிடிக்க வாத்தின் அலகுபோல ஒரு கருவி. பிறகு கருப்பை வாயைத் துடைத்த அந்தப் பழுப்பு மருந்து. அந்த வாய் வழியே மெல்லிய ஒரு குழாய். வலித்தது. மாதவிலக்கின் முதல் நாள் வலியை முழுதும் திரட்டி ஒரு பிடிக்குள் வைத்து இறுக்கினாற்போல. தாங்கக்கூடியதுதான். ஆனால் அதை ஒண்ணுமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

"திரையைப் பாக்கணும்னா பாருங்கம்மா" என்றார் மருத்துவர்.

முதலில் சாம்பல் நிறம் மட்டும். மங்கலாக என் இடுப்பெலும்பு, முதுகுத்தண்டின் முடிவு. பிறகு நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. அது மெல்ல அகன்றது. ஓரங்கள் தெளிந்தன. தலைகீழாக ஒரு சிறு முக்கோணம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. அதுதான் கருப்பைக்குள் இருக்கும் இடம் என்றார்.

வலி எங்கேயோ போய் நின்றது. நான் நினைத்து வைத்திருந்தது குகைபோல, குடம்போலப் பெரிதாக ஒன்றை. இத்தனை வருடம் இவ்வளவு ரத்தம் தந்த இடம், இவ்வளவு பேர் விசாரித்த இடம், ஊர் வாய்க்குள் ஓயாமல் கிடந்த இடம். அது இவ்வளவுதான். சத்தம் இல்லாமல், ஓரத்தில் ஒரு பிசிறும் இல்லாமல், வெள்ளையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. யார் வரைந்தார்கள் இதை? என் அம்மாவின் வயிற்றுக்குள் நான் கிடந்தபோதே இது எனக்குள் முளைத்திருக்கும். நாற்பத்தொரு வருடம் கூடவே நடந்திருக்கிறது. நான் அதைப் பார்த்ததே இல்லை.

சாயம் முக்கோணத்தின் இரண்டு மேல்மூலைகளுக்கும் போய் நின்றது. அப்படியே நின்றது.

மருத்துவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விடைத்தாள் திருத்துகிறவளுக்கு அந்தப் பார்வை தெரியும். ரெண்டும் அடைப்பா என்று கேட்டேன். பேருந்து ஜன்னலில் திரும்பிய கணவருடைய பிடரிதான் கண்முன் வந்தது.

"அவசரப்படாதீங்க. பயந்தா குழாயோட வாசல் சதை இறுக்கிப் புடிச்சிக்கும். அடைப்பு மாதிரியே தெரியும். உங்க கையப் பாருங்க" என்றார் மருத்துவர்.

பார்த்தேன். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பற்றியிருந்தேன், விரல்கள் வெளுத்திருந்தன. அவர் சாயம் செலுத்துவதை நிறுத்திவிட்டார். ஒன்றும் செய்யாமல் கொஞ்சம் இருப்போம் என்றார்.

என்னைப் போன்றவளிடம் இதைவிடக் கடினமான ஒன்றைக் கேட்க முடியாது. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். பல்லைக் கடித்திருந்தது தெரிந்தது, தாடையை விட்டேன். தோளை விட்டேன். கதவுக்கு வெளியே பொன்னி யாரிடமோ, "நானு நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்று இன்னும் வழக்காடிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பினால் திறந்தது என்று சொல்ல மாட்டேன்; மருத்துவம் அப்படிச் சொல்லாது. மருத்துவர் மறுபடி மிக மெதுவாகச் சாயத்தைச் செலுத்தினார்.

வலது மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்பியது. சேமியா இழையைவிட மெலிது. போய், நின்று, யோசித்தாற்போல வளைந்து, மேலே ஏறி, இறங்கி, முனையில் சற்று அகன்றது. அங்கிருந்து அவிழ்ந்தது. காற்று அசையாத அறையில் ஊதுவத்திப் புகை தானாகப் பிரியுமே, அப்படி. வயிற்றின் இருட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கரைந்து பரவிற்று. அந்த இழையின் வழியாகத்தான் ஓர் உயிர் வர வேண்டும். உலகத்தில் நடமாடும் அத்தனை கூட்டமும், உளுந்தூர்பேட்டை முக்கில் ஹாரன் அடிக்கும் அத்தனை லாரிக்காரர்களும், ஒவ்வொருவராக இப்படி ஓர் இழைக்குள் ஊர்ந்து வந்தவர்கள். மூச்சு விடவும் மறந்து பார்த்திருந்தேன்.

"சிந்துது பாருங்க. அப்டின்னா இந்தப் பக்கம் வழி இருக்கு" என்றார் மருத்துவர். அவர் குரலும் இறங்கியிருந்தது. தினம் பார்ப்பவர்தான்.

இடது பக்கம் கடைசி வரை திறக்கவில்லை. அது நிஜமான அடைப்பா, பிடிப்பா என்று இந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, கரு தங்க ஒரு வழி போதும், என்று விளக்கி அனுப்பினார்.

வாசலில், நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு நடுவே என் கணவர் நின்றிருந்தார். பொன்னி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள், தண்ணீரைத் தவிர. அவர் எக்ஸ்ரே படத்தை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். எது எது என்று விரல் வைத்துக் காட்டினேன்.

"இத்தினூண்டா?" என்றார்.

ஆமாம் என்றேன். நெடுநேரம் பார்த்தார்.

"இத்தப் போயா இம்மாம் நாளு திட்டிக்கினு இருந்தோம்."

படத்தை உறைக்குள் அவர் திரும்ப வைத்த விதத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ஓடு மெலிந்த முட்டையை அடைக்கு வைப்பவர்போல வைத்தார்.

எங்கள் ஒப்பந்தம் முழுக்க அடைபட்டதற்கும் முழுக்கத் திறந்ததற்கும்தான் இருந்தது. பாதிக்கு இல்லை. இப்போது என்ன செய்வது என்று கேட்டேன். "அதுவே ஒரு பக்கம் தொறந்து வச்சிக்கினு இருக்குது. நாம எதுக்கு மூடறது?" என்றார், உறையைப் பார்த்தபடியே.

சோதனைக்குப் பிறகு ஓரிரு நாள் பிசுபிசுப்பும் லேசான ரத்தக்கறையும் இருக்கும். நாப்கின் எடுத்துப் போங்கள். காய்ச்சலோ, ஏறிக்கொண்டே போகும் வலியோ, அதிக ரத்தப்போக்கோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். முடிந்தால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள், தவறாக யோசனை சொல்கிறவராக இருந்தாலும்.

இதை எழுதும் வரை நான் கருத்தரிக்கவில்லை. அதை மறைத்து எழுதினால் உங்களுக்கு உதவாது. ரத்தம் வரும் நாளில் இன்னமும் அழுகிறேன், சில மாதம். திட்டுவதில்லை. எந்த மாதம் எந்தப் பக்கம் முட்டை முதிர்கிறது என்று எனக்குத் தெரியாது. முன்பு மாதம் என்பது தேர்வு முடிவு வரும் நாளை நோக்கி ஓடுவதாக இருந்தது. இப்போது கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று கை நிற்கும். என்னைக் கேட்காமல், என் அவசரம் எதுவும் எட்டாத இடத்தில், அந்தச் சின்ன முக்கோணம் தன் வேலையைத் தன் வேகத்தில் செய்துகொண்டிருக்கிறது. அதன் வீட்டில் நான் குடியிருப்பதுபோல இருக்கிறது.

அன்று மதியம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் பிரிந்தோம். தியாகதுருகம் வண்டி முதலில் வந்தது. எங்களை விட்டுப் பிரியும் யாரும், சொந்தமோ பந்தமோ, அடுத்த வாட்டி நல்ல சேதியோட வாங்க என்று சொல்லித்தான் பிரிவார்கள். பொன்னியும் மூன்று வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் இடம் பிடித்து, கையை வெளியே நீட்டி என் கையைப் பற்றினாள். வாயைத் திறந்தாள். என் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். வண்டி நகர்ந்தது.

"வூட்டுக்குப் போயி படுத்துக்குங்க அண்ணி. இன்னிக்கு அண்ணன ஒல வைக்கச் சொல்லுங்க."