அக்காவின் இணைப்பில் என் நோட்

பிலிமத்தலாவையில் நான் வாடகைக்கு இருக்கும் அனெக்ஸில் இரண்டே அறைகள். ஒன்றில் நான். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், கண்டியில் புடவைக் கடையொன்றில் வேலை செய்யும், என்னைப் போலவே வாடகைக்கு இருக்கும் அக்கா. அவருடைய கணவர் கட்டாரில். அவரோடு முகம் பார்த்துப் பேசத்தான் அக்கா இன்டர்நெட் எடுத்தார். "தம்பி கொம்பியூட்டர் படிச்சவரு, நீங்களும் பாவிச்சுக்குங்க, நீங்களே பாத்துக்குங்க" என்று ரவுட்டரின் பாஸ்வேர்டை என்னிடமே கொடுத்துவிட்டார்.

எனக்கு அப்போது பிளாக்செயின் பைத்தியம். ஒரே கணக்கை உலகெங்கும் பல கொம்பியூட்டர்கள் தனித்தனியே வைத்துக்கொண்டு, ஓயாமல் ஒன்றையொன்று சரிபார்க்கும் ஏற்பாடு அது. அதில் சேரும் ஒவ்வொரு கொம்பியூட்டரும் ஒரு நோட். என்னுடைய பழையதையும் நோட் ஆக்கினேன். எத்தனை நோட்டுகளோடு தொடர்பு வைக்கலாம் என்று நோட் மென்பொருளின் அமைப்புகளில் ஒரு வரி இருந்தது. அளவாகத்தான் போட்டிருந்தார்கள். நான் அதைப் பல மடங்காக்கினேன். போதாதற்கு, வீட்டு இணைப்பில் நோட்டுக்கே முதலிடம் என்று ரவுட்டரிலும் மாற்றிவைத்தேன். நோட் கொஞ்சமும் பிந்தாமல் ஓடியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை தொடங்கியது.

"பேசிக்கிட்டு இருக்கும்போதே ஏன் கட் பண்றீங்க? பக்கத்துல யாரு இருக்கா?"

அக்காவின் கணவர் பதில் சொல்லத் தொடங்குவார். பாதிச் சொல்லில் வீடியோ கோல் அறுந்துவிடும். குடும்ப விஷயம், நமக்கென்ன என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் கதவருகே வந்து நின்றார். முகம் அழுது வீங்கியிருந்தது.

"தம்பி, லைன்ல ஏதும் கோளாறு இருக்குமா? இல்ல, அவருதான் வேணும்னே வெட்டுறாரா?"

"பாக்கிறேன் அக்கா" என்றேன். பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் கேட்ட அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவின் இணைப்பு முழுவதையும் என் நோட் விழுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போய் அந்த வரியைப் பழையபடி குறைத்தேன், முதலிடத்தையும் எடுத்துவிட்டேன். தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்ன வேலைக்காகவா அவர் அத்தனை நாள் அழுதார்!

அடுத்த வாரம் அக்கா சிரித்துக்கொண்டே வந்தார்.

"அவரு புது போன் எடுத்துட்டாரு, தம்பி. பழைய போன்லதான் கோளாறாம், இப்ப நல்லா கேக்குது. நான்தான் அந்த மனுசன சந்தேகப்பட்டு என்னென்னமோ கேட்டுட்டேன். மன்னிப்புக் கேக்கணும். எப்புடி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். வந்தது வேறு.

"நேராவே சொல்லிருங்க அக்கா."

அன்று மாலையே அக்கா கணவரிடம் சொல்லிவிட்டார். "தப்பு எம் மேலதாங்க, மனசுல வச்சுக்காதீங்க." ஒரு சொல்கூட அறுபடாமல் அது எனக்கும் கேட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.