மாட்டு வாய்க்குள் போன கை

எண்பத்தேழாம் வருசம் ஆவணி மாசம், வேப்பங்கரை தெரசாள் வீட்டுச் செவலைப் பசு தீனியைத் தொடாமல் நின்றது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வடிந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் மூஞ்சியை வைக்கும், உறிஞ்ச முடியாமல் எடுத்துவிடும். குரல் கம்மிப்போய்த் தொண்டைக்குள்ளேயே கத்தியது.

பனம்பழம் விழுகிற காலம். திருச்சுழிப் பக்கம் அந்தக் காலத்தில் மாடு இப்படி நின்றால் யாரும் ரெண்டாவது யோசனை பண்ணுவதில்லை. பனங்கொட்டை தொண்டையில் சிக்கியிருக்கும், எடுக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஆள் என்றால் வீரணன். மாட்டுத் தரகர், ஐம்பதைத் தாண்டியவர். முழங்கை வரைக்கும் மாட்டு வாய்க்குள் விட்டுக் கொட்டையை உருட்டிக்கொண்டு வந்துவிடுவார். அதற்கு ஒரு வாய் வெத்தலைக்கு மேல் யாரிடமும் எதுவும் வாங்கினதில்லை.

"கொம்பை விட்றாத தங்கச்சி, இறுக்கிப் பிடி" என்றார்.

தெரசாள் பிடித்துக்கொண்டாள். வீரணன் கையை விட்டுத் துழாவினார். மாடு தலையை உதறியது. கையை வெளியே எடுத்தபோது வெறும் எச்சில்தான் இருந்தது. புறங்கையில் பல் பட்டு ரெண்டு கீறல்.

"கொட்டை வயித்துக்குள்ள எறங்கிருச்சு. நாளைக்குத் தின்னும் பாரு" என்று கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் போனார்.

மறுநாளும் மாடு தின்னவில்லை. திருச்சுழியிலிருந்து வந்த மாட்டு டாக்டர் கிட்டேயே போகவில்லை. தள்ளி நின்று பார்த்துவிட்டு, "நாய் ஏதும் கடிச்சுச்சாம்மா?" என்று கேட்டார். ஒன்றரை மாசத்துக்கு முன்னால் மாட்டின் மூக்கோரம் ஒரு காயம் இருந்தது. வேலி முள் கிழித்திருக்கும் என்று மஞ்சளை அப்பிவிட்டது தெரசாளுக்கு ஞாபகம் வந்தது.

"இது வெறி. இனிமே யாரும் தொடாதீங்க. இருக்கிற பாலைக் கொட்டிருங்க."

அன்றைக்குச் சாயங்காலமே மாடு செத்தது.

தெரசாளின் புருசன் செல்வதுரை அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிறவர், பயந்த சுபாவம். "வெளிய மூச்சு விட்றாத. பதினோரு வீட்டுக்குப் பால் ஊத்திருக்க. அடிக்க வந்துருவாய்ங்க" என்றார்.

"பிள்ளைக குடிச்ச பாலுங்க" என்றாள் அவள். வழக்கமாகப் பால் ஊற்றுகிற வரிசையிலேயே வெறுங்கையோடு பதினோரு வீட்டுக்கும் போனாள்.

"எங்க மாட்டுக்கு வெறியாம். ஒங்க வீட்டுக்கு ஊத்துனது அந்தப் பாலுதான்."

ஒவ்வொரு வாசலிலும் நின்று அதையே சொன்னாள். ஒரு வீட்டில் அழுதார்கள். ஒரு வீட்டில் சொம்பு பறந்து வந்தது. மண்ணை வாரித் தூற்றினவர்களும் உண்டு. மீசை வைத்த ஆம்பிளை எத்தனையோ பேர் அந்த ஊரில் இருந்தார்கள். இந்த மாதிரி பதினோரு வாசல் ஏறி இறங்க ஒருத்தனுக்கும் துணிச்சல் இருந்திருக்காது. கடைசியாகக் காசிம் டீக்கடை.

கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாசை வைத்துவிட்டு எழுந்தார்கள். காசிம் மட்டும் அசரவில்லை. "ஏலே, என் கடை டீயில பாலு எங்கலே இருக்கு, நீங்க பயப்படுறதுக்கு?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் நாற்பது பேர் அருப்புக்கோட்டை ஆசுபத்திரிக்குப் போனார்கள். பால் குடித்தவன், மோர் குடித்தவன், மாட்டைப் பார்த்துவிட்டு வந்தவன், டீக்கடைப் பெஞ்சில் பேப்பர் படித்தவன், அத்தனை பேரும். ஆசுபத்திரித் தாழ்வாரம் சந்தைக்கடை ஆகிவிட்டது. அங்கிருந்த டாக்டரம்மா ஒரே கேள்விதான் கேட்டார்.

"காய்ச்சித்தான குடிச்சீங்க?"

"காய்ச்சித்தான்."

"அப்ப ஒண்ணும் ஆகாது, வீட்டுக்குப் போங்க. எச்சி புண்ணுல பட்டாத்தான் வரும், ஆளுக்கு ஆளு தொட்டா வராது. ஊசி கொஞ்சம்தான் இருக்கு. நாய் கடிச்சு வாரவுகளுக்கு வேணும்."

ஒருத்தரும் நகரவில்லை. "எங்களுக்கு ஊசி போடாம ஒளிச்சு வைக்கிறாக" என்று சத்தம் கிளம்பியது. டாக்டரம்மா அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்டார்: "மாட்டு வாய்க்குள்ள கைய விட்டது யாரு? எச்சிலத் தொட்டது யாரு?"

தெரசாள் தன் கையை நீட்டினாள். சாணி அள்ளி வெடித்த கை. அந்தக் கையால்தான் மாட்டுக்குக் கஞ்சி ஊட்டியிருந்தாள். "வாய்க்குள்ள விட்டவரு வரலம்மா" என்றாள். பயந்து வந்த நாற்பது பேருக்கும் ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியவர் ஊரில் வெத்தலை போட்டுக்கொண்டிருக்கிறார்.

"அவரக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி. இடையில விடக் கூடாது. இந்த நோய் வந்துட்டா மருந்து கிடையாது. ஒரு மாசத்துலயும் வரும், மூணு மாசம் கழிச்சும் வரும்."

வீரணன் நம்பவில்லை. "மாட்டுனால எவன் செத்தான்? நாய் கடிச்சாத்தான் நாய்க்கிறுக்கு. அதுவும் இது கடியில்ல, கீறல்."

"அண்ணே, கூப்பிட்டது நானு. கொம்பைப் பிடிச்சது நானு. ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்படி இந்த ஊர்ல நடமாடுவேன்?"

அவளுக்காக மூன்று நாள் வந்தார். எந்தக் காளையையும் திமிலைப் பிடித்து நிறுத்துகிற மனுசன், நர்ஸ் சட்டையைத் தூக்கச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். வயிறு தடித்து அரித்தது. நாலாம் நாள் பஸ்ஸில் அவர் இல்லை. கீறல் ஆறிவிட்டதாம். ஆறின புண்ணுக்கு எதுக்கு ஊசி என்று சொல்லிவிட்டுக் காரியாபட்டி மாட்டுச் சந்தைக்குப் போய்விட்டார்.

தெரசாள் தன் ஊசியைப் போட்டுக்கொண்டு, வயிற்று வலியோடு அங்கிருந்தே காரியாபட்டிக்குப் பஸ் ஏறினாள்.

சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். தரகரும் வியாபாரியும் துண்டுக்கு அடியில் கை கோத்து, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். இருளப்பசாமி என்ற வியாபாரியோடு வீரணன் அப்படித்தான் நின்றார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர்.

"அண்ணே, இன்னும் பதினொண்ணு இருக்கு. வாங்க" என்றாள் தெரசாள்.

"பொம்பள சந்தைக்குள்ள வந்து வைத்தியம் பாக்குறா! ஒனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ தங்கச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். துண்டுக்கு அடியில் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. கெஞ்சினால் இந்த ஆள் வரமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்து அவள் வாயில் வந்தது, டாக்டரம்மா சொன்னதற்கு நேர் மாறானது. அது தெரிந்துதான் சொன்னாள்.

"அந்தக் கைய எவரும் பிடிக்காதீங்க! வெறி மாட்டு வாய்க்குள்ள போன கை அது! பிடிச்சவுகளுக்கும் ஒட்டிக்கிரும்!"

கொதிக்கிற சோத்தில் கையை வைத்தவன் மாதிரி இருளப்பசாமி உதறி எடுத்தான். குனிந்து மண்ணில் தேய்த்தான். வட்டம் அகலமாயிற்று. வீரணன் அடுத்தவனைப் பார்த்துக் கையை நீட்டினார், அவன் பின்னால் போனான். அடுத்தவனும் அப்படியே. கை கொடுக்க ஆளில்லாத தரகர் சந்தையில் எதுக்கு?

"எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே, பாவி!"

"பொழப்பு போனா திரும்பக் கிடைக்கும்ணே. காலையில ஏழு மணி பஸ்ஸு."

மறுநாள் ஏழு மணி பஸ்ஸில் வீரணன் இருந்தார். ஒரு நாள் விட்டதற்கு டாக்டரம்மாவிடம் நல்ல திட்டு வாங்கினார். மிச்ச நாளெல்லாம் அவர் பின் சீட், தெரசாள் முன் சீட். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு முடிந்த மறுநாளும் கூடவே போனாள், அவருக்குக் கடைசி ஊசி விழுகிறவரைக்கும்.

ஊசி முடிந்தது. ஆனால் சந்தையில் ஏறின பயம் இறங்கவில்லை. அடுத்த சந்தைக்குத் தெரசாள் தானாகவே போனாள். நடுவில் நின்று, கை கொடுக்க ஆளில்லாமல் ஒதுங்கியிருந்த வீரணனைக் காட்டி, "அன்னைக்கு நான் சொன்னது பொய். கையத் தொட்டா வராது. எச்சி புண்ணுல பட்டாத்தான் வரும். இவரு பதினாலும் போட்டுட்டாரு" என்றாள்.

"அன்னைக்குச் சொன்னதுதான் நெசம்" என்றான் இருளப்பசாமி. "இன்னைக்கு இவரு சொல்லிக்குடுத்துப் பேசுற."

உண்மையைச் சொன்னால் நம்பாத ஊர், பொய்யைச் சொன்னால் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. தெரசாள் பக்கத்தில் இருந்தவர் தோளிலிருந்து துண்டை உருவி, தன் கையின்மேல் போட்டுக்கொண்டு வீரணனுக்கு முன்னால் நீட்டினாள். அந்தச் சந்தையில் ஒரு பொம்பளை துண்டுக்கு அடியில் கை நீட்டி அதுவரை யாரும் கண்டதில்லை.

"எனக்குக் கறவைப் பசு ஒண்ணு வேணும். பேசுங்கண்ணே."

வீரணன் அவள் முகத்தைப் பார்த்தார். பதினைந்து நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"ஒனக்கு வெரல் கணக்குத் தெரியுமா?"

"நீங்க பிடிங்க. தெரிஞ்சுக்கிறேன்."

பிடித்தார். யாரோ கொல்லென்று சிரித்தார்கள், அப்புறம் ஓய்ந்தார்கள். வெடித்துப்போன அந்தக் கையை விடாமல் பிடித்தபடி, எல்லோரும் பார்க்க, வீரணன் ரொம்ப நேரம் விலை பேசினார். அன்றைக்கு எந்த மாட்டுக்கும் விலை படியவில்லை. அடுத்த வாரமும் தெரசாள் போனாள், கையை நீட்டினாள். அதற்கடுத்த வாரம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வந்தபோது, இருளப்பசாமியின் கை துண்டுக்கு அடியில் வீரணன் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தான்.