மூன்றாம் பிளாக்கின் டேங்க்

துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில், மலையடியில் இருந்த ஒரு குவாரியில் ஐந்து வருடம், ஆட்களின் வருகைப் பதிவு போடும் டைம் கீப்பராக இருந்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஆட்கள் தங்கியிருந்த கேம்புக்கு வாரம் இரண்டு தடவை டேங்கரில் தண்ணீர் வரும். அது போதாமல் அடிக்கடி குழாய்கள் வறண்டுவிடும். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க ஆட்களுக்குச் சொல்லிக்கொடு என்று ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தபோது, தமிழும் இந்தியும் எழுதத் தெரிந்த ஆள் என்று அந்த வேலை என்னிடம் வந்தது.

ஆசையாகத்தான் செய்தேன். சுவரில் எழுதி ஒட்டினேன். மெஸ்ஸில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினேன். தலையாட்டிவிட்டுப் போனவர்கள் மறுநாள் காலை குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்தார்கள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மூன்று பிளாக்குக்கும் தனித்தனி டேங்க் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் எந்த டேங்கில் தண்ணீர் அதிகம் மிச்சம் இருக்கிறதோ, அந்த பிளாக்குக்கு வெள்ளிக்கிழமை மட்டன் பிரியாணி என்று அறிவித்தேன். கேம்பே விசிலடித்தது.

மூன்றாம் பிளாக்கிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். கல் உடைக்கும் கிரஷரில் வேலை செய்பவன், ராமநாதபுரம் பக்கம், முப்பது வயதிருக்கும்.

"எங்க பிளாக்க எங்கிட்ட விடுங்க சார். தண்ணிய எப்படி வச்சுப் பொழங்கணும்னு எனக்குத் தெரியும்."

உண்மையிலேயே தெரிந்திருந்தது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளிகளில் பிடித்துக் கக்கூஸ் கழுவவைத்தான். குளிக்க ஆளுக்கு ஒரு வாளி. பாஷை தெரியாத பெங்காலிகளுக்கும் பட்டான்களுக்கும் கையை ஆட்டியே புரியவைத்தான். யாராவது குழாயை மூடாமல் போனால், "பாய், பாய்!" என்று சோப்பு நுரையோடு இவனே ஓடிவருவான். சிரித்துக்கொண்டே எல்லோரும் கேட்டார்கள். முதல் வாரம் அவர்கள்தான் ஜெயித்தார்கள். அவனை மெஸ்ஸில் எழுந்து நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னேன். வெட்கத்தில் அவன் முகம் சின்னப் பையன் முகம்போல ஆனது.

அடுத்தடுத்த வாரங்களில் மற்ற பிளாக்குகளும் விழித்துக்கொண்டன. ஜூலையில் போட்டி கடுமையாகிவிட்டது. ஆபீஸிலிருந்து பாராட்டி ஒரு கடிதம் வந்தது. அதை நான்கைந்து முறை படித்தேன்.

அந்த மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மதியத்துக்கு முன்பு குவாரியிலிருந்து போன். பிக்கப்பில் போனபோது அவனை டம்பர் லாரியின் நிழலில் படுக்கவைத்திருந்தார்கள். உடம்பு கொதித்தது. ஆனால் தோலில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. "ஜல்தி, ஜல்தி" என்று ஃபோர்மேன் கத்திக்கொண்டிருந்தார். வாயில் விடத் தண்ணீர் தேடிப் பக்கத்தில் இருந்த ஜக்கைத் தூக்கினேன். காலியாக இருந்தது.

"இவ்வளவு நேரத்துக்குள்ள எப்படித் தீந்துச்சு?" என்று கேட்டேன்.

அவன் ரூமில் இருந்த இன்னொரு தமிழ் ஆள் தலையைக் குனிந்துகொண்டான். "பாதி ஜக்தான் சார் ரொப்பிட்டு வந்தோம். ஒரு வாரமா அப்படித்தான். குடிக்கிற தண்ணியும் அதே டேங்க்லேருந்துதானே? அவன் பங்கையும் எங்களுக்கே குடுத்துட்டான். வேணாம், தாகமில்லைன்னான்."

குவாரிக்குக் கொண்டுபோகும் தண்ணீரும் அந்த டேங்கிலிருந்துதான் போகிறது என்பது எனக்குத் தெரியும். தினமும் காலையில் அவர்கள் ஜக் நிரப்புவதைப் பார்த்துக்கொண்டேதான் வருகைப் பதிவு போட்டேன். ஒருநாளும் யோசிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தான். கிட்னி இரண்டும் கெட்டுவிட்டதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தபோது கண் திறந்து முதலில் கேட்டது, "யார் சார் ஜெயிச்சா?"

"உங்க பிளாக்தான்" என்றேன். அது உண்மை.

போட்டியை நிறுத்தினேன். குடிக்கிற தண்ணீருக்குத் தனி டேங்க் வைக்காவிட்டால் வேலையை விடுகிறேன் என்று கேம்ப் பாஸிடம் சண்டை போட்டு, அதை வைக்கவும்வைத்தேன். என்ன நடந்தது, யாரால் நடந்தது என்று அவரிடம் சொன்னேன். "தண்ணி குடிக்காதேன்னு நீயா சொன்னே? கலாஸ், விடு" என்றார். ரிப்போர்ட்டில் காரணம் வெயில் என்று மட்டும் எழுதியிருந்தது. கீழே டைம் கீப்பர் என்று என் கையெழுத்து.

இரண்டு வருடம் கழித்து லீவில் ஊருக்குப் போனபோது அவன் வீட்டைத் தேடிப் போனேன். மெலிந்து கறுத்திருந்தான். முகம் மட்டும் வீங்கியிருந்தது. அவன் மனைவி எனக்கு ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவனுக்கு ஒரு சின்ன டம்ளரில் பாதி.

"டயாலிசிஸ்ல இருக்காகள்ல, அளந்துதான் குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காக" என்றாள். "ராத்திரி பகலா தண்ணி தண்ணிங்கிறாக. ஐஸ்கட்டிய வாயில வச்சுச் சமாளிக்கிறோம்."

அவன் என் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "குடிங்கண்ணே" என்றான். கேம்பில் சார் என்றுதான் கூப்பிடுவான்.

வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். "அந்தப் போட்டிய நான் வச்சிருக்கக் கூடாதுப்பா. உனக்கு இப்படி ஆனதுக்கு நான்தான்..."

அவன் கையை உயர்த்தித் தடுத்தான். "அது நல்ல யோசனைண்ணே. வேற யாரு எங்களையெல்லாம் கூப்பிட்டு வச்சு, உங்களால முடியும்னு சொன்னா? நாங்கதான் கூறு கெட்டுப் போயிட்டோம்."

அவன் என்னைத் திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். செம்பிலிருந்த தண்ணீரை அவன் கண் முன்னால் குடித்து முடித்தேன். குடிக்காமல் வைப்பது அதைவிடக் கொடுமையாகத் தோன்றியது.

மறு வருடம் கோடையில் நான் அஜ்மானுக்கு ரூம் மாறியிருந்தேன். ஷார்ஜா பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது, அவன் இறந்துவிட்டதாகப் பழைய கேம்ப் ஆள் ஒருவர் போனில் சொன்னார். கையில் அப்போதுதான் வாங்கிய தண்ணீர் பாட்டில். குடிக்க முடியவில்லை. கொட்டவும் மனம் வரவில்லை. இரண்டு பஸ்கள் போயின. வெயிலில் அது சுடும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.