மெத்தைக் கடைக்குப் போக வேண்டிய ரூஜெனா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு மே மாதம், எங்கள் உயர்நிலைப் பள்ளியில் பதினேழு பேர் தேறினோம். தேறியவர்களின் படம் போட்டு, படத்துக்குக் கீழே ஆளுக்கு இரண்டு வரி கேலி எழுதி ஆண்டு மலர் அச்சடிப்பது பள்ளி வழக்கம். அந்தக் கேலியை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வந்தது என்ன, கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அப்பா போஹீமியாவிலிருந்து கப்பலேறி வந்து நெப்ராஸ்காவில் கோதுமை விதைத்தவர். செக் மொழி விவசாயப் பத்திரிகையை விரல் வைத்துப் படிப்பார். ஆங்கிலம் என்றால் என்னைக் கூப்பிடுவார். அப்படிப்பட்ட வீட்டுப் பையனின் எழுத்து அச்சில் வருகிறது என்றால் விடுவேனா?

கால்பந்து ஆடும் லுமீருக்கு, "இவர் கால் பல்கலைக்கழகம் போகும். தலையும் கூடப் போகுமா என்று இன்னும் தெரியவில்லை" என்று எழுதினேன். வங்கிக்காரர் மகனுக்கு, "இவரைத் தினமும் பள்ளிக்கு அழைத்து வந்த ஃபோர்டு காருக்கும் ஒரு பட்டம் தரலாம்" என்று எழுதினேன். வாய் ஓயாத பியாட்ரிஸுக்கு, "மூச்சு விட மட்டும் பேச்சை நிறுத்துவார். அதையும் குறைத்து வருகிறார்." எல்லாரும் சிரித்தார்கள். பியாட்ரிஸ் மட்டும் ஒரு மணி நேரம் விளக்கம் கேட்டாள்.

ரூஜெனா ஹாயெக்குக்கு எழுதியதுதான் இந்தக் கதை.

ரூஜெனாவின் அப்பாவுடைய நிலம் ஊரிலிருந்து ஒன்பது மைல். தினம் வந்து போக முடியாது. அதனால் ஊருக்குள் ப்ரோஹாஸ்காவின் ரொட்டிக்கடை மாடியில் தங்கிப் படித்தாள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கூலி அவள் உழைப்பு. விடியற்காலை மூன்று மணிக்கு இறங்கி அடுப்பு மூட்டுவாள், மாவு பிசைவாள், கசகசாவும் உலர்ந்த பிளம் பழமும் அரைத்துப் பன்னுக்குள் வைப்பாள். எட்டரைக்கு எங்களோடு உட்காருவாள். ஒன்பதுக்குத் தூங்கிவிடுவாள்.

அந்தத் தூக்கத்தைப் பார்க்க வேண்டும். தலை சாயாது, வாய் பிளக்காது. பென்சில் கையில் நிமிர்ந்தபடி இருக்கும், கண் மட்டும் மூடியிருக்கும். ஆசிரியர் பெயர் சொல்லிக் கேட்டால் கண் திறந்து, சரியான விடை சொல்லி, மறுபடி மூடிக்கொள்வாள். முதலாண்டு ஆசிரியர்கள் திட்டினார்கள். இரண்டாமாண்டு கெஞ்சினார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள். அல்ஜீப்ரா பரீட்சையில் எல்லாருக்கும் முன்னால் எழுதி முடித்து, மீதி நேரத்தை வீணாக்காமல் தூங்கினாள். சட்டைக் கையில் எப்போதும் மாவு இருக்கும். அவள் பக்கத்து இருக்கைக்கு நாங்கள் போட்டி போடுவோம்; காலையில் பன் வாசம் வரும்.

அவளுக்கு நான் எழுதியது: "ரூஜெனா ஹாயெக். இவர் கண்ணின் நிறம் என்ன என்று நான்கு ஆண்டுகளாக விசாரித்து வருகிறோம். எதிர்காலம்: ஓமாஹா நகரில் மெத்தைக் கடைச் சன்னலில் படுத்திருக்கும் உத்தியோகம்."

அச்சுக்குப் போகும் முன் அவளிடம் காட்டினேன்.

"படுத்துக்கிட்டே சம்பளமா?" என்றாள். "நல்ல வேலையா இருக்கே. தலையணையும் அவங்களே குடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லு."

கொட்டாவியோடு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மலர் அச்சாகி வந்ததும் லுமீர்தான் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "ஏண்டா, உன் படத்துக்குக் கீழ மட்டும் கேலியே இல்லையே?" என்றான்.

"எடம் பத்தல" என்றேன்.

என் படத்துக்குக் கீழே இருந்தது: "போஹுமில் விட்டெக். இவ்வகுப்பின் விளக்கு. மற்ற பதினாறு பேரும் இவர் வெளிச்சத்தில் நடந்தவர்கள்." நானேதான் எழுதினேன்.

மலர் வந்த அன்று அப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் ஒவ்வொன்றாகச் செக்கில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்கு அப்போதே புரிந்தது. அவர் ஊரில் பள்ளி விட்டுப் போகிற பிள்ளைக்கு வாத்தியார் நடத்தைச் சான்று எழுதித் தருவாராம். 'கெட்டிக்காரன், ஆனால் கை நீளம்' என்று எழுதிவிட்டால் அந்தத் தாள் சாகும்வரை கூடவே வருமாம். இந்தப் புத்தகத்தையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். 'அப்பா, இதெல்லாம் விளையாட்டு' என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குள் என் பக்கம் வந்துவிட்டது. படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். நிலப் பத்திரமும் குடியுரிமைத் தாளும் இருக்கும் பெட்டியில் அதை வைத்துப் பூட்டினார்.

ஜூலையில் கோதுமை அறுப்பு. பட்டம் வாங்கின விளக்கு விடிந்ததிலிருந்து கட்டுக் கட்டி நிறுத்தியது. முதுகு விறகுக்கட்டையாகிவிட்டது. அந்த நாட்களில்தான் எங்கள் வட்டாரத்து ஒற்றை அறைப் பள்ளிக்கு ஆசிரியை தேவைப்பட்டது. ரூஜெனா ஆசிரியப் பயிற்சிப் பாடமும் சேர்த்து முடித்திருந்தாள். மனுப் போட்டாள். மற்ற வட்டாரங்களில் எல்லாம் ஆள் எடுத்தாகிவிட்டது. இது கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வருஷம் மூன்று மணி அடுப்புதான்.

தீர்மானிக்கிற பள்ளிக் குழுவில் மூன்று பேர். எங்கள் அப்பா மாத்தே, பக்கத்து நிலத்து பெஷெக், மூன்றாவது, காது கேட்காத கிழவர் ஹோராச்செக். மற்ற இரண்டு பேர் கை தூக்கினால் இவரும் தூக்குவார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து எங்கள் சமையலறையில் கூடினார்கள். காப்பி, நடுவில் ஒரு தட்டு பன். மனுவைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். படித்தேன். பெஷெக் சரி என்பதுபோல் மீசையைத் துடைத்தார். அப்பா எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து புத்தகத்தோடு வந்தார்.

"இருங்க. பள்ளிக்கூடம் இந்தப் பொண்ணப் பத்தி எழுதியிருக்கு. படிடா."

"அது வேணாம்ப்பா."

"படின்னா படி."

படித்தேன். கண்ணின் நிறத்தைச் சொன்னேன். மெத்தைக் கடையையும் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பெஷெக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தூங்குமூஞ்சியா? குளிர்காலத்துல ஏழு மணிக்கே போயி அடுப்பு மூட்டணும். பிள்ளைங்க வெறச்சுப் போயிடும்ல?"

"அது கேலிங்க, மாமா. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதியிருக்கு."

"பள்ளிக்கூடத்துப் பேரு போட்டு அச்சடிச்சிருக்கே. பொய்யா அச்சடிப்பாங்க?" என்றார் பெஷெக்.

"அவ தூங்குவா, நெசந்தான். மூணு மணிக்கு எழுந்தா யாருக்குத்தான் தூக்கம் வராது? ப்ரோஹாஸ்கா கடையில அடுப்பு மூட்டுறது அவதான். இப்ப நீங்க கையில வச்சிருக்கீங்களே அந்தப் பன், அதுவும் அவ பிசைஞ்சதுதான்."

பெஷெக் கையிலிருந்த பன்னைப் பார்த்தார். பாதி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

அப்பா பன்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தார். "அப்ப இதுல இருக்கறது நெசம் இல்லைங்கற."

"ஆமாப்பா."

"யாரு எழுதினது?"

"நான்தான்."

"இந்தப் பொண்ணப் பத்தியா?"

"எல்லாரப் பத்தியும்."

அவர் மெல்லப் பக்கம் புரட்டினார். எழுத்துப் புரியாவிட்டாலும் என் படம் இருக்கும் பக்கம் கைக்குத் தெரியும். ஓரம் மடங்கியிருந்தது. அதன்மேல் விரலை வைத்தார்.

"இது?"

ஒரு நொடி எல்லாக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். இது மட்டும் தலைமையாசிரியர் எழுதினார் என்று சொல்லலாம். ஆனால் அவர் ஒன்று எழுதியிருந்தால் மற்றதையும் அவர்தானே பார்த்து அனுமதித்திருப்பார் என்று பெஷெக் கேட்பார். ரூஜெனா மறுபடி மெத்தைக் கடைக்குப் போய்விடுவாள்.

"அதையும் நான்தான் எழுதினேன்."

கிழவர் ஹோராச்செக் காதில் கையைக் குவித்து, "என்னவாம்?" என்றார்.

பெஷெக் அவர் காதில் கத்தினார்: "தன்னைத் தானே வெளக்குன்னு எழுதிக்கிட்டானாம்!"

"யாரு?"

"இவன்தான்! மாத்தேயோட மவன்!"

கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வாக்கெடுப்பு வந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, கையைத் தூக்கினார். பெஷெக் மிச்சப் பன்னை வாயில் போட்டுக்கொண்டு அவரும் தூக்கினார். "அடுப்பு மூட்டத் தெரிஞ்ச பொண்ணு. போதும்ப்பா."

அப்பா கடைசியாகத் தூக்கினார். புத்தகத்தைத் தூக்கியிருந்த கை அது. மேசைமேல் வைத்துவிட்டுத்தான் தூக்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் ரொட்டிக்கடைக்குப் போய்ச் சொன்னேன். ரூஜெனா படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"கெடச்சிருச்சா? மெத்தைக்கடை என்ன ஆச்சு?"

"அந்தக் கேலியாலதான் வேலையே போக இருந்துச்சு. மன்னிச்சுக்கோ."

நடந்ததைச் சொன்னேன். என் படத்து விஷயத்தையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். குதிகாலைத் தேய்த்துக்கொண்டாள்.

"நீ காட்டினப்ப எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு, போஹுமில். நம்ம பதினேழு பேருக்கும் தெரியும், நான் ஏன் தூங்குறேன்னு. மத்தவங்களுக்கு யாரு சொல்வா?" பிறகு, "உங்க அப்பா முகம் எப்படி இருந்துச்சு?" என்றாள்.

அவள் கழற்றிப்போட்ட காலணியை எடுத்துப் படியோரம் ஜோடியாக வைத்தேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. புத்தகம் பெட்டிக்குத் திரும்பிப் போகவுமில்லை. அலமாரியில் பழைய பஞ்சாங்கங்களோடு இருக்கிறது. யாராவது வந்து பையனைப் பற்றிக் கேட்டால் முன்பு பெட்டிச் சாவியைத் தேடுவார். இப்போது, "பட்டம் வாங்கிட்டான். அது நெசம், சான்றுல முத்திரை இருக்கு" என்று மட்டும் சொல்கிறார். முத்திரையை நான் அச்சடிக்கவில்லை என்பதை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

இப்போது டிசம்பர். பல்கலைக்கழகத்துக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அதுவரை நான் விடிவதற்கு முன் பால் கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த ஒற்றை அறைப் பள்ளி வழியாகப் போகிறேன். கை விறைத்திருக்கும், கண் தானாக மூடும். குதிரைக்கு வழி தெரியும் என்பதால் பல நாள் தூங்கியபடியேதான் போகிறேன்.

நேற்றும் அப்படித்தான். வண்டி நின்ற உலுக்கலில் விழித்தேன். பள்ளிப் புகைக்கூண்டிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. ரூஜெனா கையில் கரிவாளியோடு குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மணி ஆறரை" என்றாள். "வெளக்கு ஏன் அணைஞ்சு போச்சு?"

அவள் கண் சாம்பல் நிறம்.