இரண்டு வீட்டுக்கு ஒரு நியூட்ரல்

இலங்கையில் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் கணவர் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தார். இரட்டை குவார்ட்டர்ஸில் ஒரு பாதி எங்களுக்கு. மறுபாதியில் தேயிலை ஃபெக்டரியைப் பார்க்கும் டீமேக்கரும் அவர் மனைவியும், சிங்களவர்கள். கரண்ட் வரும் கம்பி வீட்டுக்கு வீடு தனி. திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி மட்டும், வயரை மிச்சம் பிடிக்க, இரண்டு வீட்டுக்கும் பொது. எங்கள் கூரைக்குக் கீழே ஒரு முடிச்சில் அது சேர்ந்திருந்தது. இது அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் விளக்கு ஒரு கணம் மங்கி, மறுகணம் கண் கூசும்படி எரிந்தது. கணவர் மேசைமேல் ஏறினார்.

"நம்ம மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணிட்டேன், பயப்படாத."

முடிச்சை அவிழ்த்ததும் பேச்சு நின்றது. கை கம்பியோடு இறுகிவிட்டது. கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன. அந்த நேரம் பக்கத்து வீட்டு அம்மா உடுப்பு அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். அந்தக் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் இவர் உடம்பில் இறங்கியிருக்கிறது.

சுவரில் அடித்துத் தமிழில் கத்தினேன். பிறகுதான் புத்தி வந்து, மெயினை அணைக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினேன். "அக்கே, மெயின் எக்க ஓஃப் கரன்ன!"

அந்த அம்மா ஏன் என்று கேட்கவில்லை, ஓடிப்போய் அணைத்தார். கணவர் சரிந்து விழுந்தார். உயிர் இருந்தது. இரண்டு விரல்கள் வெந்திருந்தன.

தனி நியூட்ரல் கேட்டுத் தோட்ட ஒபிசுக்குப் போனோம். பெரிய கிளாக்கர் கையை விரித்தார். "வயருக்கு எங்கங்க போறது? கொழும்புலயே இல்லையாம். பயமா இருந்தா உங்க லைனை வெட்டிவிடச் சொல்றேன்."

கைக்குழந்தை உள்ள வீடு. வெளிச்சம் வேண்டியிருந்தது. வேறு வீட்டுக்குப் போகலாமென்றால் வேலையையே விட வேண்டும். தோட்டத்து ஆட்கள் வந்து முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு மெயினையும் அணைக்காமல் யாரும் அதைத் தொடுவதில்லை என்று இரு வீட்டாரும் பேசிக்கொண்டோம்.

சித்திரைப் புதுவருடத்துக்கு அவர்கள் வராந்தா விளக்கை எரியவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். மறுநாளே முடிச்சு சீறத் தொடங்கியது, கருகல் வாடை. எங்கள் மெயினை அணைத்தோம். ஆனால் அவர்கள் மெயின் பூட்டிய வீட்டுக்குள்; அவர்கள் விளக்கு எரியும்வரை முடிச்சில் கை வைக்க முடியாது. கரண்டை நிறுத்த ஃபெக்டரியிலும் ஆளில்லை. குப்பி விளக்கு வெளிச்சத்தில் பொங்கல் வைத்து, அவர்கள் வராந்தாவில் வீணாக எரியும் விளக்கைப் பார்த்துக்கொண்டே கிடந்தோம். குழந்தையை முடிச்சு இருந்த அறையில் படுக்கவைக்கவே இல்லை.

திரும்பி வந்த அந்த அம்மா நடந்ததைக் கேட்டதும் தலையில் கைவைத்தார். "அனே நங்கி, ஐயோ தங்கச்சி, இனி எங்க வீட்டுச் சாவி ஒண்ணு நீங்க வைங்க."

எங்கள் சாவியொன்றை அவர்களிடம் கொடுத்தோம். அதற்குப் பிறகு, கணவருக்கு இடமாற்றம் கிடைக்கும்வரை, நாங்கள் மட்டும் பூட்டித் திறக்கிற வீடு என்று ஒன்று இருக்கவில்லை.