தண்ணீரோடு திரும்பக் கூடாத கரடு

குடும்பத்தோடு எந்த மலைக்குப் போனாலும் அடிவாரத்தில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்வது நான்தான். மூன்று வருடங்களுக்கு முன் பாறையில் சறுக்கி முழங்காலில் அடி. கால் ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது, பயம் போகவில்லை. நாற்பத்தாறு வயதில் இனி இப்படித்தானா என்று தெரிந்தாக வேண்டும். மார்ச் முதல் வாரம், கல்லூரித் தோழி மும்தாஜுடன் கிளம்பினேன். அவள் திண்டுக்கல்லில் பிரியாணிக் கடைக்காரக் குடும்பம், வாய் அதிகம்.

திண்டுக்கல்லிலிருந்து சாணார்பட்டி சுமார் பதினைந்து கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150 ரூபாய். மும்தாஜ் வீட்டுக்குத் தெரிந்தவரின் மாந்தோப்பில் மாலை 4:30க்குக் கூடாரம் அடித்தோம். தோப்பெல்லாம் மாம்பூ வாசனை. ஒட்டினாற்போல் கரடு. சின்னப் பாறைக்குன்றுக்கு இங்கே அப்படித்தான் பெயர்.

மறுநாள் காலை 6:10க்கு ஏற ஆரம்பித்தோம். ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் என் கையில். அரை மணி நேரம் செம்மண் பாதை, முள், மயில் சத்தம். பிறகு, முப்பதடிக்கு வெறும் வழுக்குப்பாறை. ஏறிவிடலாம், இறங்குவது எப்படி?

"நீ போயிட்டு வாடி. நான் பைய..."

"இங்க பையே இல்லடி. எதைப் பாக்கப் போற?"

சிரித்துக்கொண்டேதான் கீழே இறங்கத் திரும்பினேன். கீழிருந்து பத்துப் பதினைந்து ஆடுகளோடு ஒரு பெண் வந்தார். பெயர் பாண்டியம்மா. கேனைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏத்தா, தண்ணியோடயா எறங்குறீக? இந்தக் கரட்டுல ஏத்துன தண்ணிய எறக்க மாட்டோம். மேல குழியில ஊத்தணும். ஆடு, மயிலு அம்புட்டும் அதைத்தான குடிக்குது."

மும்தாஜ் கை நீட்டினாள். "குடு, நான் ஊத்துறேன்."

"கொண்டாந்தவுகதான் ஊத்தணும்."

"எறங்கப் பயமா இருக்குக்கா," என்றேன்.

"இதுல யாரு நடந்து எறங்குறா? உக்காந்து நகர வேண்டியதுதான். சீலைதான் தேயும்!"

இத்தனை நாள் எனக்கு இது தோன்றவே இல்லை. விழுவதற்குப் பயந்தேனா, நாலு பேர் முன்னால் உட்கார்ந்து நகர்வதற்கு வெட்கப்பட்டேனா? அவர் ஆடுகளுக்குப் பின்னால் கேனோடு நடந்தேன்.

7:05க்கு உச்சி. ஒரு பக்கம் நீலமாய்ச் சிறுமலை, மறுபக்கம் தென்னந்தோப்புகளும் பூந்தோட்டங்களும். காய்ந்த குழியில் தண்ணீரைக் கவிழ்த்தேன். பாதிகூட ஊற்றவில்லை, ஒரு வெள்ளாடு என் கையைத் தள்ளிவிட்டுத் தலையை நுழைத்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வழுக்குப்பாறையில் உட்கார்ந்தே இறங்கினேன். "பிரேக்கப் பிடிடி, பிரேக்கு!" என்று கத்தியபடி பின்னாலேயே மும்தாஜும் உட்கார்ந்து வந்தாள்.

போகிறவர்களுக்கு: தோப்புக்காரர்களிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள், அப்புறம் பாறை சுடும். பழைய சுடிதார் போதும், பின்பக்கம் கிழியும். குடிப்பதற்குப் போக ஒரு பாட்டில் தண்ணீர் கூடுதலாக வேண்டும், குழிக்கு.

கூடாரத்தின் ஜிப்பையும் மூடிவிட்டுப் போங்கள். நாங்கள் திரும்பியபோது தோப்பில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு, என் பைக்குள் தலையை விட்டு, கடைசி வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தது. பைகளைப் பார்த்துக்கொள்ள அன்று ஆள் இல்லை.